புதன்கிழமை நர்ஸம்மா எங்கள் ஊருக்கு மறுபடியும் வர வேண்டி

அனுப்புநர்:
ர. ராமாமணி,
க/பெ. ரங்கராஜ்,
கிழக்குத் தோட்டம், செம்பாறைப்புதூர்,
தொண்டாமுத்தூர் வழி,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு திட்ட அலுவலர் அவர்கள்,
கிராமச் செவிலியர் ஆய்வுத் திட்டம்,
கோயம்புத்தூர்.

பொருள்: இரத்தக் கொதிப்பு ஆய்வு – செம்பாறைப்புதூர்ப் பெண்களுக்கு மனக்கவலை இல்லை என்று முடிவு செய்தது – செவிலியர் வருகையை நிறுத்தியது – மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் தென்னையும் சின்ன வெங்காயமும் வைத்து விவசாயம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவள். பதினோராம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். மனு எழுதும் பழக்கம் எனக்கு யானையால் வந்தது. தென்னங்கன்றுகளை யானை பிடுங்கிப் போடும்போதெல்லாம் ஊர் சார்பில் எழுதுவது நான்தான். அந்த மனுக்களில் யானையின் மீது குறை சொன்னால் போதும், அது கோபித்துக்கொள்வதில்லை. இந்த மனுவில் தங்கள் திட்டத்தின் மீதும், எங்கள் ஊர்ப் பெண்கள் மீதும், என் மீதும் குறை சொல்ல வேண்டியிருப்பதால் யோசித்து யோசித்து எழுதுகிறேன்.

1. இந்த ஆண்டு பொங்கல் முடிந்த கையோடு தங்கள் திட்டத்தின் செவிலியர் செல்வி ஜெசிந்தா எங்கள் ஊருக்கு வந்தார். இரத்தக் கொதிப்பு உள்ள பெண்களுக்கு மனக்கவலையும் வீட்டுச் சூழ்நிலையும் நோயை எப்படிக் கூட்டுகின்றன, எப்படிக் குறைக்கின்றன என்று கண்டறிவதே ஆய்வு என்று விளக்கினார். புதன்கிழமைதோறும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டு முடித்த பிறகு, அதே கூடத்தில் எங்கள் கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்ப்பார். பிறகு கேள்விகள் கேட்பார். நாகர்கோவில் பக்கத்துப் பெண், நல்ல குணம். பேச்சுதான் கொஞ்சம் வேகம். நாங்கள் ஒரு பதில் சொல்லி அதற்கு ஒரு ‘ங்க’ போட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

2. சென்ற மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த அறிக்கையைத் தலைமையாசிரியர் தம்பிதுரை அவர்கள் எங்களுக்குப் படித்துக் காட்டினார். ஆய்வு நடந்த ஊர்களிலேயே செம்பாறைப்புதூரில்தான் மனக்கவலை மிகக் குறைவு, உறவுத் துணை மிக அதிகம் என்று அதில் இருந்தது. ஆகவே செவிலியர் இங்கே வர வேண்டிய தேவை இனி இல்லை என்றும், மனக்கவலை அதிகம் என்று தெரியவந்த, துடியலூர்ப் பக்கம் புதிதாக உருவாகியுள்ள குடியிருப்புக்கு அவர் அனுப்பப்படுகிறார் என்றும் இருந்தது. கேட்டவுடன் எங்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் பெருமை தீர்ந்துவிட்டது.

துடியலூர்ப் பக்கத்துப் பெண்கள் மீது எனக்கு வருத்தமில்லை. கேட்ட கேள்விக்கு அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள், நர்ஸம்மா கிடைத்தார். நாங்கள் மரியாதையாகப் பதில் சொன்னோம், இருந்த நர்ஸம்மாவும் போய்விட்டார்.

3. தவறு எங்கே நேர்ந்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ‘மனம் சோர்ந்து போகிறதா?’ என்பது போன்ற கேள்விகளுக்கு எப்போதும், அடிக்கடி, சில சமயம், அரிதாக, ஒருபோதும் இல்லை என்று ஐந்து கட்டங்கள் கொடுத்திருந்தீர்கள். எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்கு உள்ள பதில் அந்த ஐந்திலும் இல்லை. எங்கள் பதில் ‘பரவாயில்லீங்க’ என்பது. அதற்குக் கஷ்டம் இல்லை என்று அர்த்தம் கிடையாது. நீங்கள் கேட்டதே பெரிது, எடுத்த எடுப்பில் சொன்னால் நன்றாக இருக்காது, கொஞ்சம் உட்கார்ந்து இன்னொரு தரம் கேட்டால் சொல்கிறேன் என்று அர்த்தம். கட்டம் இல்லாத பதிலை நர்ஸம்மா எங்கே வைப்பார்? ‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டத்தில் வைத்துவிட்டார்.

எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் பொன்னாத்தாள் வீட்டுக் கூரை அந்த வாரம்தான் காற்றில் பறந்து பக்கத்துக் காட்டில் விழுந்திருந்தது. அவரும் எல்லாக் கேள்விக்கும் ‘பரவாயில்லீங்க’ என்றுதான் சொன்னார். தங்கள் கணக்குப்படி இந்த மாவட்டத்திலேயே கவலையற்ற பெண் அவராகத்தான் இருக்க வேண்டும்.

4. இதைவிடப் பெரிய தவறு பதினேழாம் கேள்வியில் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் எங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கணவரின் அண்ணன் மனைவி திருமதி முத்தாத்தாள். இந்த மனுவில் இனி அவரை ‘அக்கா’ என்றே குறிப்பிடுகிறேன், நேரில் அப்படிக் கூப்பிட்டு ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது என்றாலும். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒரு நாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. ஒரு கோடையில் எங்கள் முறையன்று விடிந்த பிறகும் அவர்கள் வயலில்தான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மோட்டாரை நிறுத்தவே இல்லை. கிணறு வற்றிப்போய், வெங்காயம் திரளுகிற சமயத்தில் என் வயல் காய்ந்தது. அதற்கு அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொல்லாததால் நானும் கேட்கவில்லை. அதோடு இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் பேச்சு நின்றது. ஆண்கள் மட்டும் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு மோட்டார் ரிப்பேர் பார்க்க வேண்டியிருந்தது.

எங்களுக்குள் பேச்சு இல்லை என்பது நர்ஸம்மாவுக்குத் தெரியாது. ஒரே குடும்பத்தார் என்று கேள்விப்பட்டு, நல்லெண்ணத்தில் எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு பதினேழாம் கேள்வியை என்னிடம் கேட்டார்: மனசுக்குக் கஷ்டம் வந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?

ஐயா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு வேறு ஒருவர் பெயரைச் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பந்தியில் ஒருவர் இலையைத் தாண்டி அடுத்தவருக்குப் பரிமாறுவது போன்றது அது. சண்டை வேறு, மரியாதை வேறு. ஆகவே, “வேற யாருகிட்டங்க, எங்கக்காகிட்டத்தானுங்க” என்று சொல்லிவிட்டேன். மரியாதையில் அக்காவும் எனக்குச் சளைத்தவரல்லர். அவர் முறை வந்தபோது, “எனக்கு மட்டும் ராமாமணிய உட்டா ஆருங்க இருக்கறாங்க” என்றார். நர்ஸம்மா மகிழ்ச்சியோடு இரண்டு பெயரையும் எழுதி அடிக்கோடும் போட்டார். சிரிப்பை அடக்க முடியாமல் பொன்னாத்தாள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போனது தங்கள் அறிக்கையில் இடம்பெறவில்லை.

5. விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் நர்ஸம்மாவுக்கு ஞாபக சக்தி அதிகம். அடுத்த புதன்கிழமை, இந்த வாரம் அக்காவிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டார். அவருடைய முட்டி வலியைப் பற்றி என்று சொல்லிவைத்தேன். அக்காவைக் கேட்டபோது அவர் தேங்காய் விலையைப் பற்றி என்று சொல்லிவைத்தார். நர்ஸம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதற்கடுத்த நாள் கிணற்றடியில் அக்கா மோட்டார் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு, “வார புதங்கெழம நர்ஸம்மா கேட்டா, என்ன பேசுனம்னு சொல்றது?” என்றார். நான் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு, “முட்டி வலின்னே சொல்லிப்போடலாங்க” என்றேன். கதவும் மரமும் சாட்சியாக, ஐந்தாறு வருடத்துக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பிறகு வாராவாரம் பேசி வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த முட்டி வலி எந்தக் காலில் என்பது முதற்கொண்டு முடிவு செய்ய வேண்டும். பொய்யை ஜோடிப்பதற்கு நேரம் அதிகம் பிடித்தது. உண்மையாகவே பேசிவிடுவது சுலபமாக இருந்தது. ஒருவரை ஒன்று கேட்டுவிட்டால், அவர் பேசி முடிக்கிற வரை நாம் வாயைத் திறக்கக் கூடாது என்று, தாம் கடைப்பிடிக்காவிட்டாலும், நர்ஸம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். ஒரு நாள் அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அக்கா தம் மனதில் இருந்த ஒன்றைச் சொன்னார். அது என்ன என்று இந்த மனுவில் எழுத மாட்டேன். அதைக் கேட்ட பிறகு, மோட்டாரை நிறுத்தாத அந்தக் காலையில் அவருக்கு மோட்டார் என்று ஒன்று இருப்பதே நினைவில் இருந்திருக்காது என்று எனக்குப் புரிந்தது. இத்தனை வருடம் நான் வெங்காயத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை மாதத்தில் எங்கள் இருவருக்கும் பிரஷர் இறங்கியது. டவுன் டாக்டர் எனக்கு ஒரு மாத்திரையைக் குறைத்தார். உப்பைக் குறைத்தீர்களா என்று நர்ஸம்மா கேட்டதற்கு ஆமாங்க என்று சொன்னேன். அதுவும் பொய்தான்.

6. இப்போதுள்ள நிலைமை வருமாறு. நர்ஸம்மா வருவது நின்ற பிறகு எங்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்பவர் இல்லாததால் பதிலைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. நானாகப் போய்ப் பேசினால், நான்தான் முதலில் இறங்கி வந்தேன் என்று ஆகிவிடும். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆடி பிறந்ததிலிருந்து மறுபடியும் கதவையும் மரத்தையும் பார்த்துக்கொண்டுதான் போய்வருகிறோம். பேச்சு மட்டும் இல்லை.

சென்ற வாரம் அக்கா கிணற்றடியில் தலைசுற்றி விழுந்துவிட்டார். பொன்னாத்தாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு வரப்பு. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப் போவதற்கு எனக்கு ஒரு சாக்குக் கிடைக்கவில்லை. வரப்பு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது ஐயா. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று அவரைக் கேட்க ஆள் இல்லை. அடுத்த தடவை விழுந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. அந்த நேரத்தில் யாராவது என் பிரஷரைப் பார்த்திருந்தால் பட்டை அறுந்திருக்கும்.

7. எங்கள் ஊரில் உறவுத் துணை அதிகம் என்று தாங்கள் எழுதியது இப்போது யோசித்துப் பார்த்தால் முழுப் பொய்யில்லை. ஆனால் அந்தத் துணை நர்ஸம்மா வாராவாரம் கேட்டதால் வந்தது. அது வந்துவிட்டது என்று சொல்லி அவரையே நிறுத்துவது, பிரஷர் குறைந்துவிட்டது என்று மாத்திரையைப் பிடுங்கிக்கொள்வதற்குச் சமம். படித்தவர்களாகிய தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, செவிலியர் ஜெசிந்தா அவர்கள் புதன்கிழமைகளில் எங்கள் ஊருக்கு மறுபடியும் வர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். துடியலூர்க்காரர்களுக்கும் அவர் வேண்டும் என்பதால், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தாலும் போதும்; கிணற்றுத் தண்ணீரையே முறை வைத்துப் பாய்ச்சும் எங்களுக்கு அது பழக்கம்தான். அடுத்த ஆய்வில் ‘பரவாயில்லீங்க’ என்பதற்கு ஒரு கட்டம் ஒதுக்கி, அதில் விழுகிறவர்களை இன்னொரு தரம் கேட்கச் சொல்ல வேண்டும். என் பதில்கள் அனைத்தையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்ள எனக்குச் சம்மதம். பதினேழாம் கேள்விக்குச் சொன்னதை மட்டும் அடிக்க வேண்டாம். சொன்ன அன்று அது பொய். இன்றைக்கு அதைத் திருத்தினால்தான் பொய்யாகும்.

தங்கள் ஆய்வுக்கு மரியாதையின் பொருட்டுத் தவறான பதில் அளித்த,

(ஒப்பம்) ர. ராமாமணி
(ஒப்பம்) முத்தாத்தாள்

இடம்: செம்பாறைப்புதூர்
நாள்: 13.8.1997, புதன்கிழமை

பின்குறிப்பு: ஒரே ஆள் கையெழுத்தோடு போனால் மனு எடுபடாது என்று என் கணவர் சொன்னதால், இதை எடுத்துக்கொண்டு இன்று மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரு வகையில் சாக்குக் கிடைத்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, “பரவால்ல அம்மணி” என்றார். அவர் என்னை அம்மணி என்று கூப்பிட்டுப் பல வருடம் ஆகிறது. நான் உட்கார்ந்து இன்னொரு தரம் கேட்டேன். பிறகு வாயைத் திறக்கவில்லை. அவர் சொல்லி முடிக்கும்போது மாடு கறக்கிற நேரம் ஆகிவிட்டது. மாத்திரை தீர்ந்து பத்து நாளுக்கு மேல் ஆகியும் வாங்கவில்லையாம். நாளைக்கு நான் கூட்டிப்போகிறேன்.

கையெழுத்துப் போடும் முன் மனுவை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நான்காம் பத்தியில் ஒரு திருத்தம் சொல்லியிருக்கிறார். மோட்டாரை நிறுத்த மறந்தது மெய்தானாம். ஆனால் என் வெங்காயம் கெட்டது தண்ணீர் இல்லாததால் அல்ல, அழுகல் நோயால்தானாம். இது எனக்குச் சம்மதமில்லை. அவர் சொன்னதால் பதிவு செய்கிறேன்.

தங்கள் பதில் முடியாது என்பதாகவே இருந்தாலும், எங்கள் இருவர் பெயருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக, மேற்குத் தோட்டத்தில் உள்ள அக்கா முகவரிக்கு அனுப்பும்படி வேண்டுகிறோம். அவர் வீட்டில் கடிதம் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். இருந்தாலும் நான் வந்துதான் படித்துச் சொல்ல வேண்டுமாம்.