உச்சி வெயிலில் எடுத்த போட்டோ

திண்டிவனம்
மே 6

மதிப்பிற்குரிய திரு. சித்தார்த்தன் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் வீட்டில் நேற்று மாலை கூடிய கூட்டத்தில், உங்களிடம் இருக்கும் ஒரு போட்டோவைத் திரும்பக் கேட்பது என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. ஏகமனதாக என்றால், அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அம்மா, “வேணாம்டி, கேவலம்” என்றாள். நான் கை தூக்கினேன். தீர்மானம் நிறைவேறியது.

என் பெயர் மலர்விழி. இங்கே ஒரு கிளை நூலகத்தில் நூலகர். போன மாதம் தரகர் பச்சைமுத்து உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த பெண் நான்தான். அதாவது என் போட்டோவைக் கொண்டுவந்தார். உங்கள் வீட்டில் வேண்டாம் என்றார்கள். அந்த முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. வேண்டாம் என்ற பதிலைக் கேட்பதில் எங்கள் வீட்டுக்கு நல்ல பழக்கம் உண்டு. போட்டோ மட்டும் வேண்டும்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் தரகர் கொடுத்த உங்கள் விவரத் தாளில் முகவரி இருக்கிறது, வேலை இருக்கிறது, போன் நம்பரை மட்டும் கருப்பு மையால் அடித்திருக்கிறார். கேட்டால், “முடியாத சம்பந்தத்துக்கு நம்பர் குடுக்கறதில்லம்மா, தொழில்ல ஒரு நாணயம் வோணும்” என்கிறார். முடிகிற சம்பந்தத்துக்கும் கொடுப்பதில்லை என்று கேள்வி.

இனி போட்டோ விஷயம். எனக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பட்டனை அழுத்தினால் அங்கேயே படத்தை வெளியே தள்ளுகிற கேமரா ஒன்று வைத்திருக்கிறேன். அதன் பிலிம் சூடு தாங்காது. திண்டிவனத்தில் சூட்டைத் தவிர வேறொன்றும் தாராளமாகக் கிடைக்காது. எனவே பிலிம் பிரிட்ஜில், இட்லி மாவுக்கு மேல் தட்டில் இருக்கிறது.

நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிவிடுவேன். வழியில் பார்க்கிற யாரையாவது எடுப்பேன். படம் வெளியே வரும்போது வெறும் வெள்ளை அட்டை. உடனே அதை வாங்கி விசிறி மாதிரி ஆட்டப் பார்ப்பார்கள், ஆட்டக் கூடாது. நிழலில் கவிழ்த்து வைத்துவிட்டு, நடுநடுவே திருட்டுத்தனமாகப் புரட்டிப் பார்க்க வேண்டும். முதலில் புருவம் வரும். பிறகு மூக்கு, அப்புறம் சட்டைப் பட்டன். அந்தக் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். நம் ஜனங்கள் சேர்ந்தாற்போல் பேசாமல் இருப்பது இதைத் தவிர இரங்கல் கூட்டத்தில்தான். அங்கேயும் யாராவது ஒருவரின் போன் அடிக்கும். மேல்சித்தாமூரில் பூக்கட்டும் அம்மா ஒருவர் தன் முகம் மெல்ல மெல்ல வருவதைப் பார்த்துவிட்டு, “அய்ய, எங்கம்மால்ல வந்துக்கினு இருக்குது” என்றார். அதற்காகத்தான் இந்தக் கேமராவை வைத்திருக்கிறேன்.

இதற்கு நெகட்டிவ் கிடையாது. ஒரு படம் என்றால் உலகத்திலேயே அது ஒன்றுதான். எடுத்தவுடன், எடுக்கப்பட்டவர் கையை நீட்டுவார். உன் முகத்தை உனக்குத் தர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொடுத்துவிடுவேன். இப்படியே ஊரெல்லாம் படம் எடுத்தும் என் ஆல்பம் காலி. வீட்டில் இதைப் பைத்தியம் என்கிறார்கள். ஆல்பம் நிறைந்திருந்தால் கலை என்று சொல்லியிருப்பார்கள் போல.

என்னிடம் தங்கிய படம் ஒன்றுதான். ஏப்ரலில் மண்டகப்பட்டுக்குப் போயிருந்தேன். குகைக்கோயில் பாறைக்குப் பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களைப் படம் எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒருத்தி கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். “எல்லாரையும் புடிச்சிக்கினே போறியே, உன்னை எவ புடிக்கிறது? நில்லு அங்க. பல்லக் காட்டு. மாமியாக்காரி பாக்க மாட்டா, காட்டு” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் அழுத்திவிட்டாள். முப்பத்துநான்கு வயதுவரை நான் வாய்விட்டுச் சிரித்ததற்கு இருக்கும் ஒரே ஆதாரம் அது. ஸ்டுடியோ படங்களில் எல்லாம், மோவாயைக் கீழே இறக்குங்கள் என்று சொன்னதும் இறக்கியவளாகத்தான் இருக்கிறேன்.

அதை ஒரு புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். தரகர் வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். ஸ்டுடியோ படங்கள் எல்லாம் வெவ்வேறு வீடுகளுக்குப் போய்த் திரும்பாமல் தீர்ந்துவிட்டன. பெண்ணின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பக் கூடாது என்பது அம்மாவின் கொள்கை. வெள்ளைக் கரையோடு சின்னதாக இருக்கவும், இதைப் பாஸ்போர்ட் போட்டோவுக்கு அக்கா முறை என்று நினைத்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். போனில் நகல் எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று இதுவரை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். ஒன்றே ஒன்று என்பதுதான் அதன் பெருமை. இப்போது அந்தப் பெருமை உங்கள் வீட்டில் இருக்கிறது.

கடைசியாக ஒரு திருத்தம். உங்கள் வீட்டில் வேண்டாம் என்றதற்குத் தரகர் சொன்ன காரணம் இது: “பொண்ணு ரொம்ப செவப்பாம்மா. வெயிலே படாம வளந்த பொண்ணு நம்ம வூட்டுக்கு ஒத்து வராதுன்றாங்க.” அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டினார்கள். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் நான் கருப்பு என்று போனவர்கள். சிவப்பு என்று ஒருவர் போவது இதுதான் முதல் தடவை. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் கருப்புதான். அது உச்சி வெயிலில் எடுத்த போட்டோ. வெளிச்சம் அதிகமானால் இந்த பிலிம் எல்லாவற்றையும் வெளுத்துவிடும். என்னை வெயிலே படாத பெண்ணாகக் காட்டியது வெயில்தான்.

வேறு பிரதி கிடையாது. தயவுசெய்து பத்திரமாக அனுப்பிவையுங்கள். உங்களுக்கு நல்ல இடம் அமைய வாழ்த்துகள். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மலர்விழி


விழுப்புரம்
மே 17

அன்புள்ள மலர்விழி அவர்களுக்கு,

வணக்கம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. கெடாரில் கால்நடை மருந்தகத்தில் நான் எழுதுவதெல்லாம் எந்த மாட்டுக்கு என்ன ஊசி என்பதுதான். தப்பு இருந்தால் மன்னிக்கவும். இதைத் தவிர இன்னொன்றுக்கும் நீங்கள் மன்னிக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவின் பெயர் குப்பம்மாள். மல்லாட்டைக் கொல்லை வந்ததும் நிறுத்தச் சொல்லி, அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். அவளும் அந்த வேலை செய்தவள்தான். கருப்பு என்று எழுதியிருந்த இடத்தில், “இதை அந்தத் தரகன் ஏன்டா சொல்லல?” என்று என்னைக் கோபித்துக்கொண்டாள்.

பத்திரமாக அனுப்புங்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் பத்திரம் என்றால் லேமினேஷன். ஒரு மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்து காகிதம் எல்லாம் கூழாகிப் போனது. அதிலிருந்து அம்மா எதையும் சும்மா விடுவதில்லை. ரேஷன் கார்டு, என் மார்க் ஷீட், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் பளபளவென்று இருக்கும். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு, உங்கள் போட்டோவை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறாள். “அடுத்த வூட்டுப் பொண்ணுப்பா, ஜாக்கிரதையா போடு” என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறாள். அது சூட்டில் ஓடுகிற மெஷின். உள்ளே போன படம் வேறு, வெளியே வந்த படம் வேறு.

இத்துடன் வைத்திருக்கிறேன், பாருங்கள். வெள்ளையாக இருந்தது எல்லாம் இருண்டுவிட்டது. பின்னால் இருந்த பாறை போய்விட்டது. முகம் தெரிகிறது. பல் தெரிகிறது. கடைக்காரர், “இது போட்டோவே இல்லம்மா, என்னாத்தையோ குடுத்து என் மெஷின பேஜார் பண்ணிட்ட” என்று சத்தம் போட்டாராம்.

அன்று நான் திரும்பி வந்தபோது அம்மா அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். “ஒரு பொண்ணு சிரிச்சதுக்கு இருந்த ஒரே சாட்சிய கருக்கிட்டேன்டா” என்று அழுதாள். பிறகு அதைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தாள். ஒருநாள் எனக்குச் சோறு போடும்போது, “இப்பப் பாரு, எங்கூட கொல்லைக்கு வந்தவ மாதிரியே சிரிச்சிக்கினு இருக்குது” என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். “ஒண்ணும் சொல்ல மாட்டியாடா?” என்றாள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். வேண்டாம் என்று சொன்னது அம்மா. என்னை யாரும் கேட்கவில்லை. தரகர் போட்டோவைத் திருப்பிக் கேட்டு வந்தபோது நாளைக்குத் தருகிறேன் என்றேன். மறுபடி வந்தபோதும் நாளைக்கு என்றேன். சிவப்பா கருப்பா என்று நான் பார்க்கவில்லை. இப்படிச் சிரிக்கிறவர் எதைக் கேட்டுச் சிரித்திருப்பார் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தில் அது தெரிந்துவிட்டது. வளர்த்த மாட்டைச் சந்தையில் விட்டுவிட்டு வருகிறவர்களின் முகம் எனக்குத் தெரியும். இதைத் தபாலில் போட்டுவிட்டு வரும்போது என் முகமும் அப்படித்தான் இருக்கும்.

அம்மா உங்கள் வீட்டுக்கு வந்து நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறாள். வெறுங்கையோடு வரமாட்டாளாம், பூவும் பழமும் எடுத்துக்கொண்டுதான் வருவாளாம். பூவோடு போனால் பெண் கேட்டு வந்திருக்கிறோம் என்று நினைப்பார்கள் என்றேன். “நெனச்சிக்கட்டும்” என்றாள். உங்களுக்கு விருப்பம் இல்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள். வெறும் மன்னிப்போடு வந்துவிட்டுப் போகிறோம்.

இப்படிக்கு,
சித்தார்த்தன்


திண்டிவனம்
மே 23

அன்புள்ள சித்தார்த்தன் அவர்களுக்கு,

வணக்கம். கடிதமும் போட்டோவும் வந்து சேர்ந்தன. கவரை முதலில் பிரித்தது அம்மா. “ஒரே ஒரு வாட்டி செவப்பா இருந்த, அதுவும் நெலைக்கல” என்றாள்.

நான் போட்டோவை நூலகத்துக்கு எடுத்துப்போய் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கொஞ்சம் அழுதேன். புத்தகம் திருப்பித் தர வந்த பெரியவர், தவணை தாண்டிக் கொண்டுவந்ததற்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து, இனிமேல் இப்படி நடக்காது என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு ஒன்று தோன்றியது. முன்பு இருந்த படத்தில் கண்ணும் மூக்கும் வெளிச்சத்தில் கரைந்து, என் சிரிப்பு யாரோ ஒரு சிவப்புப் பெண்ணின் முகத்தில் இருந்தது. நான் இத்தனை நாள் ஆசையாக எடுத்துப் பார்த்தது அவளைத்தானோ என்று சந்தேகமாக இருக்கிறது. இதில் இருப்பவளுக்குக் கொஞ்சம் என் சாயல். இதை அம்மாவிடம் சொன்னேன். “அந்த மெஷின்ல உன் மூளையையும் குடுத்தாங்களா?” என்றாள்.

உங்கள் அம்மாவிடம் தயவுசெய்து சொல்லுங்கள், அவர் எதையும் கருக்கவில்லை. அந்த பிலிமுக்குள் மருந்து இருக்கிறது. சூடு பட்டால் அது அப்படித்தான் செய்யும். கேமராவோடு வந்த சின்னப் புத்தகத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். எதையெல்லாம் செய்யக் கூடாது என்று பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறார்கள். லேமினேஷன் செய்யாதே என்று எங்கும் இல்லை. எழுதியவர்களின் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததில்லை போலிருக்கிறது.

அப்பாவிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர் கையெழுத்து இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்றார். மனிதர்களுக்கு மருந்து எழுதுகிறவர்களின் கையெழுத்தைத்தான் அவர் இதுவரை பார்த்திருக்கிறார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தடவை படித்தார். அப்பா ஒன்றை இரண்டாம் தடவை படிப்பது வழக்கமில்லை.

உங்கள் அம்மாவை நான் ஒரு படம் எடுக்க வேண்டும். கொல்லையில் எங்களோடு நின்றவர் போல் சிரிக்கச் சொல்வேன். அதை அவரிடமே கொடுத்துவிடுவேன். அந்த ஜெராக்ஸ் கடைப் பக்கம் கொண்டுபோக மாட்டேன் என்று மட்டும் அவர் சத்தியம் செய்ய வேண்டும்.

வருவதானால் அடுத்த வெள்ளிக்கிழமை வாருங்கள். காலை ஒன்பதுக்குள் வந்துவிட்டால் நல்லது. அதற்கு மேல் யாரை எடுத்தாலும் சிவப்பாகிவிடுவார்கள். மறுபடியும் ஒரு குழப்பம் வேண்டாம். நீங்கள் வெள்ளைச் சட்டை போடாதீர்கள். கேமரா சட்டையைப் பார்த்து மயங்கி முகத்தை விட்டுவிடும். மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி, கேமராக்காரப் பெண்ணின் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். அந்தத் தெருவில் என் கையால் படம் வாங்காதவர்கள் குறைவு.

ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தீர்கள். பழம் வாங்கினால் வாழைப்பழம் வேண்டாம், அப்பாவுக்குச் சளி. கனகாம்பரம் அம்மாவுக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

அம்மாவை வெயிலேறுவதற்கு முன் கிளப்பி, ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, பார்த்துக் கூட்டிவாருங்கள்.

இப்படிக்கு,
மலர்விழி

இணைப்பு: நீங்கள் அனுப்பிய அதே லேமினேஷன் போட்டோ.