வால் போன வாக்கியம்

எட்டுத் திக்கிலும் புகழ் பரப்பிவிட்டு ஒன்பதாவது திக்கு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும் உன் தாய்மாமன், தொலைக்காட்சி நிலையத்தில் குளிர்சாதன அறைக்குள் வாசம் செய்யும் மருமகளுக்கு ஆசி கூறி எழுதுவது. நானும் அத்தையும் நலம். உன் அம்மாவும் நலம். என்னைத் திட்டும் அளவுக்கு நலம்.

போன் இருக்கும்போது தபால் எதற்கு என்று கேட்பாய். போனை நான் நம்புவதில்லை அம்மாடி. முட்டி வலிக்கிறது என்று அத்தையிடம்தான் சொன்னேன். அன்று சாயங்காலமே போன் எனக்குத் தைலம் விற்க வந்துவிட்டது. வீட்டுக்குள் ஒற்றன் இருந்தால் வெளியே துரத்தலாம். சட்டைப்பையிலேயே இருந்தால் என்ன செய்வது? அதனால் அதை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு எழுதுகிறேன்.

இங்கே எங்கள் வாசகசாலையை இடிக்கப்போகிறார்கள். நீள மேசையும், கம்பில் கோத்த செய்தித்தாள்களும், மூன்றாம் உலகப் போரே வந்தாலும் ஒரே வேகத்தில் சுற்றும் மின்விசிறியும் கொண்ட அதே கட்டடம்தான். அந்த இடத்தில் ஏழு மாடி வணிக வளாகம் வருகிறதாம். ஆளுங்கட்சி இடிப்போம் என்கிறது. எதிர்க்கட்சி, நாங்கள் வந்தால் இதைவிட வேகமாக இடிப்போம் என்கிறது. இதற்குப் பெயர் தேர்தலாம்.

எனக்கு மாற்றமே ஆகாது என்று உன் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அபாண்டம். கண்ணாடிக்கடைக்காரன் பேசுகிறேன், கேள். பழைய கண்ணாடியில் எழுத்து தெளிவாகத் தெரியும்போதே புதுசு மாற்றச் சொல்பவன் உன் கண்ணைப் பார்க்கவில்லை, உன் பையைப் பார்க்கிறான். மாற்றம், மாற்றம் என்று மைக்கில் கத்துகிறவர்களை நான் அதனால்தான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன்.

வாசகசாலைப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று ஆரம்பித்தோம். தலைவர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நிலையத்திலிருந்து ஒரு பெண் மைக்கோடு வந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சிங்கம் போல நின்று, "வாசகசாலையை இடிச்சாத்தான் ஊருக்கு விடிவுகாலம்னு சொல்றவன் பேச்சை நம்பாதீங்க" என்றேன். மலை அதிர்ந்தது, கடல் பின்வாங்கியது.

அன்றைய மாலைச் செய்தியில் நான் வந்தேன். "வாசகசாலையை இடிச்சாத்தான் ஊருக்கு விடிவுகாலம்." அவ்வளவுதான். கீழே, "பாதுகாப்புக் குழுத் தலைவரே ஒப்புதல்" என்று சிவப்பு எழுத்து ஓடியது. நம் மொழியின் குணம் அது. என்ன சொன்னாலும் கடைசி வார்த்தையில்தான் உயிர். வாலை வெட்டினால் பூனை பூனையாகவே இருக்கும். என் வாக்கியத்தின் வாலை வெட்டியதும் நான் புல்டோசர்காரன் ஆகிவிட்டேன்.

மறுநாள் வாசகசாலைக்குள் போனதும் எல்லாரும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்கள். வாழ்நாள் முழுக்க நான் ஊரைச் சந்தேகப்பட்டேன். ஊர் மொத்தமாகத் திருப்பித் தருகிறது. தையல்காரர், "அண்ணே, புது வளாகத்துல உங்க கடை எந்த மாடியில?" என்று மெதுவாகத்தான் கேட்டார். உரக்கக் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தலையங்கத்தை இரண்டு முறை படிக்கிறவர் என்பதால் நாங்கள் 'தலையங்கம்' என்றே கூப்பிடும் ஓய்வுபெற்ற வாத்தியார் மட்டும், "நீங்க அப்படிப் பேசுற ஆள் இல்லையே. வால் எங்கேயோ விழுந்துருக்கு சார்" என்றார்.

குழுவில் ஒரு வக்கீல் இருக்கிறார். நிலையத்தின் மேல் புகார் எழுதிவிட்டார். முழுப் பதிவையும் கொடு, வெட்டியவர் பெயரையும் சொல் என்று கேட்டிருக்கிறார். பெயர் வெளியே வந்தால் அந்த ஆளுக்கு வேலை போவது நிச்சயமாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கல்யாணக் களை. தலைவர் கையெழுத்துப் போட்டால் புகார் கிளம்பிவிடும்.

நீ போன விடுமுறைக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் உன் தொழில் ரகசியம் ஒன்றைச் சொன்னாய். "பேசுறவங்க உதடு மூடுற இடத்துல வெட்டினா ஒட்டு தெரியாது மாமா. 'ம்'ல முடியுற வார்த்தை கிடைச்சா எங்களுக்கு விருந்துதான்." நானும் அத்தையும் விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது கடையில் முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று 'விடிவுகாலம்' என்று சொல்லிப் பார்க்கிறேன். உதடு அழகாக மூடுகிறது. கண்ணாடி வாங்க வந்தவர் பயந்துபோய் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வித்தை தெரிந்தவர்கள் உங்கள் நிலையத்தில் ஆயிரம் பேராவது இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தச் செய்தி வந்ததிலிருந்து நீ போன் செய்யவில்லை. அத்தை கூப்பிட்டதற்கு, வேலை இருக்கிறது என்று ஒரு வரி அனுப்பினாய். மாமா டிவியில் வந்தாரே என்று கேலிகூடப் பண்ணவில்லை. இருமினாலே கேலி பண்ணுகிறவள் நீ.

வக்கீல் நேற்று குழுக்காரர்களோடு கடைக்கு வந்து காகிதத்தை நீட்டினார். பேனாவில் மை இல்லை என்றேன். மூன்று பேர் பேனா நீட்டினார்கள். கண் சரியாகத் தெரியவில்லை என்றேன். கண்ணாடிக்கடைக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய பொய்யா அது? தையல்காரர், "பாத்தீங்களா" என்று மற்றவர்களைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மறுபடியும் வருகிறார்கள்.

அதற்குள் ஒரு வார்த்தை சொல். அது நீ இல்லை என்றால் இரண்டு கையாலும் கையெழுத்துப் போட்டு, கால் கட்டைவிரலையும் மையில் தோய்த்து ஒற்றுவேன். நீதான் என்றால், மேலே இருக்கிறவர்கள் சொல்லி வெட்டினாயா, என் குரல் என்று தெரிந்து வெட்டினாயா என்றெல்லாம் கேட்க மாட்டேன். நான் பேசியதே அவ்வளவுதான் என்று குழுவில் சொல்லிவிட்டுத் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறேன். பேப்பரை வீட்டுக்கே போடச் சொன்னால் ஆயிற்று. சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே. போனை அரிசி டப்பாவிலிருந்து எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஊரே ஒட்டுக்கேட்டாலும் கேட்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. திரையையே வெறித்துக்கொண்டிருக்காமல் இடையிடையே ஜன்னலுக்கு வெளியே பார். எந்நாளும் நல்லா இரு. எதை வெட்டினாலும் உன் கையில் காயம் படாமல் இருக்கட்டும்.

என்றும் உன் பக்கம் நிற்கும்
மாமா