எர்காஷ் கடித்த ரொட்டி

சனோபர்,

நீ எழுந்திருப்பதற்குள் கிளம்புகிறேன். பயறுக் கஞ்சி அடுப்போரம் இருக்கிறது, சூடுபண்ணிக் குடி.

"ஆளே இல்லாத ஆபீசுக்கு எதுக்குய்யா சூடு? பேய் குளிர்காயவா?" என்று நேற்று கேட்டாய். நான் கத்திவிட்டேன். ஏனென்று நேரில் சொல்ல வாய் வரவில்லை.

தொற்றுநோய்க்காக அலுவலகத்தைப் பூட்டினாலும் கொதிகலன் அணையக்கூடாது, அணைந்தால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். அதற்குத்தான் எனக்கும் எர்காஷுக்கும் மட்டும் அனுமதிச் சீட்டு தந்தார்கள். போன வாரம் அவன் ஆஸ்பத்திரியில் செத்ததிலிருந்து சாவி என்னிடம் மட்டும்தான். ஆனாலும் தினமும் காலையில் நான் திறக்கும்போது யாரோ கரி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். மண்வாரி இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. இடக்கைக்காரன் அவன்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, திரும்பி வந்து மீதியைத் தின்பதற்காக நம் வழக்கப்படி அவன் கடித்து வைத்த ரொட்டி இன்னும் அவன் வீட்டு ஆணியில் தொங்குகிறதாம். அது தொங்கினால் அவன் எப்படிப் போவான்? இன்றைக்கே வேலியோரம் நின்று அவன் மனைவி ஓய்சாவிடம் சொல், இறக்கிப் பறவைகளுக்குப் போடட்டும். "என் கையால எப்படி இறக்குவேன்"னு அழுவாள். நீயும் கூட அழு, ஆனால் இறக்க வை.

எனக்கு ராத்திரி முதல் இருமல். உனக்குத் தொற்றவேண்டாம், சரியாகும்வரை கொதிகலன் அறையிலேயே படுத்துக்கொள்கிறேன்.

மறந்துவிட்டேன், நானும் ஒரு ரொட்டியைக் கடித்து வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் அன்றைக்கே இறக்கிவிடு. செத்த பிறகும் அந்தக் கரியை அள்ள என்னால் ஆகாது.