எலுமிச்சம்பழத்தைக் குண்டு என்றார்கள்

உன் ட்ரோனைப் பிடுங்கிக்கொண்டு உன் பெயரைச் சந்தேகப் பட்டியலில் எழுதியது அநியாயம். நீ கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. பெயர் இன்னும் அங்கேயே இருக்கிறது.

இன்று காலை போட்டாதாங் படகுத்துறையில் தலைக்கு மேலே வண்டு இரைவதுபோல் ஒரு சத்தம். டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கோப்பையை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கோ உன் ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது.

தாகேதாவில் உள்ள நம் அம்மன் கோவில் தேரைப் படம்பிடிக்க, கல்யாணங்களில் பறக்கவிடும் அந்தச் சின்ன ட்ரோனோடு வந்தாய். புது வண்டிக்குக் கட்டுவதுபோல் அதற்கும் திருஷ்டிக்குக் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். எலுமிச்சம்பழமும் ஐந்து மிளகாயும் கோத்து அதன் அடியில் தொங்கவிட்டேன்.

"பாரம் தாங்காதுய்யா" என்றாய்.

"ஒரு பழம் தாங்காதத எதுக்கு வாங்குன?" என்றேன்.

தாங்கியது. அடியில் ஏதோ தொங்குவதைக் கண்டு யாரோ "குண்டு" என்று கத்த, தேர்க்கயிற்றைப் போட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் குப்புறப் படுத்தது. நாம் இருவர் மட்டும் நின்றோம்.

வார்டு அலுவலகத்தில், "சயா, இத யாரு கட்டுனது?" என்று ஐயா போடுவதுபோல் மரியாதையாகவே அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான். உப்பு கொண்டாங்க, தின்னே காட்டுறேன்" என்றாய். சிரிக்காத அந்த மனிதரே சிரித்துவிட்டார். மாலையில் பழத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ட்ரோனைக் கொடுக்கவில்லை.

வழியெல்லாம் நான் அவர்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். "அவங்கள ஏன் திட்டுற? நம்ம ஜனமேதான பழத்துக்குப் படுத்துச்சு" என்றாய்.

ரேடியோவைப் பிரித்துப் பிரித்தே படித்தவன் நான். எனக்கும் கணக்குப் புரிகிறது. இந்த நாட்டு உள்நாட்டுச் சண்டையில் விமானம் இல்லாத போராளிகள் வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனில் குண்டு கட்டினார்கள். பொம்மை என்று சிரித்த பெரிய படை, பிறகு அதையே இன்னும் அதிகமாக வாங்கியது. அதன் அலைவரிசையைக் குழப்பும் கருவியையும் வாங்கியது. இளைத்தவனுக்குக் கிடைத்த ஆகாயத்தில் வலுத்தவனும் வந்து உட்கார்ந்துகொண்டான். கீழே இருக்கும் நமக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்.

இப்போது உன் மகள் உன் போட்டோ ஸ்டூடியோவை மறுபடி திறக்கப் பார்க்கிறாள். வார்டு கடிதம் இல்லாமல் உரிமம் இல்லை. அப்பா பெயர் பட்டியலில் இருப்பதால் கடிதம் இல்லை. நான்கு முறை போய்விட்டேன்.

"மறுபடியுமா, சயா?" என்கிறார் அதே அதிகாரி.

"பேர அடிக்கிற வரைக்கும் வருவேன். நாற்காலிய எடுத்துப் போடுங்க."

போட்டார்.

ஆகவே, வார்டு அலுவலகம் உன் பெயரை அடிக்க வேண்டும். ட்ரோனைத் தராவிட்டாலும் அதிலிருக்கும் தேர்ப் படத்தையாவது உன் மகளிடம் கொடுக்க வேண்டும். அன்று குப்புறப் படுத்தவர்கள், தொங்கியது பழம்தான் என்று கையெழுத்துப் போட வேண்டும். பதினொரு பேர் வெட்கத்தோடு சம்மதித்திருக்கிறார்கள். அதைக் கட்டியது யார் என்ற இடத்தில் என் பெயரை எழுத வேண்டும். அன்றே அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். திங்கட்கிழமை போய்ச் சொல்கிறேன்.