தானமாக வந்த நூல்

மார்ச் 3, செவ்வாய்

ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இன்றும் ஒன்றும் தெரியவில்லை. கொதிக்கிற டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அக்கா பார்த்துப் பிடுங்கினாள். "சுடுதுன்னு தெரியலையாடி?" தெரியவில்லை. தோல் மட்டும் சிவந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி டீச்சர் புது வேலை கொடுத்தார். சதுர அட்டைகள். ஒவ்வொன்றிலும் மூலைக்கு ஓர் ஓட்டை, ஓட்டைக்கு ஒரு நூல். அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி சேர்த்துப் பிடித்து, நூல்களின் ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டிக்கொள்ள வேண்டும். அட்டைகள் மொத்தத்தையும் கால் வட்டம் திருப்பினால் நூல்கள் மேலும் கீழுமாய்ப் பிரிந்து நடுவே வழி திறக்கும். அதில் குறுக்கு நூலை விட்டு, ஸ்கேலால் அடித்து இறுக்கி, மறுபடி திருப்ப வேண்டும். நாடா வரும்.

நாடா! ஒரு ஷிஃப்டில் ஊரையே சுற்றிக் கட்டுகிற அளவுக்கு மெஷினில் நாடா ஓட்டியவள் நான். அந்த மெஷினுக்கே கையைக் கொடுத்துவிட்டு வந்தால் இங்கேயும் நாடா. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5

கோர்ப்பதிலேயே நாள் போய்விட்டது. நூல் நுனி பிசிறி விரிகிறது. எச்சில் தொட்டு உருட்டினால் ஒட்டி, ஓட்டையருகே போனதும் மறுபடி விரிகிறது. நூலைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா? கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

மார்ச் 6

அறுந்தது.

மார்ச் 9, திங்கள்

அறுந்த இடத்தில் முடிச்சு. முடிச்சு ஓட்டையில் மாட்டுகிறது, அட்டை திரும்ப மறுக்கிறது. ஒரு நூல் தொய்கிறது, பக்கத்து நூல் விறைக்கிறது. அட்டைகளுக்கு நடுவே பஞ்சு சேர்ந்து எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ஸ்கேலை வீசி எறிந்தேன். டீச்சர் எடுத்து வந்து கொடுத்தார். "கோபத்த நூல்கிட்ட காட்டாதம்மா." யார்கிட்ட காட்டுறது டீச்சர்? கேட்கவில்லை.

இன்னொன்று. ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனதில் அட்டைகளுக்குப் பின்னால் நூலெல்லாம் முறுக்கேறிக் கயிறாகிவிட்டது. நெய்த பக்கத்தில் ஒன்றும் தெரியாது, நாடா ஒழுங்காகத்தான் இருக்கும். "நாலு தடவ முன்னாடி, நாலு தடவ பின்னாடி. முறுக்கு தானா விட்டுடும்" என்றார் டீச்சர்.

சரியாக வந்துகொண்டிருந்தபோது போன். மீட்டர். எங்கள் சூப்பர்வைசர். "இன்னைக்கு எத்தனை மீட்டர்?" என்பதைத் தவிர வேறு பேச்சு தெரியாததால் அந்தப் பெயர். இன்றைக்குப் பேசினான்.

"வெள்ளிக்கிழமை இல்ல, அதுக்கடுத்த வெள்ளி விசாரணை. என் கவனக்குறைவுதான்னு ஒரு வார்த்த சொல்லிடு. முடிஞ்சுது. உங்கக்காவும் இங்கதான வேல பாக்குது."

கவனக்குறைவா? நூல் அறுந்தால் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் முடிச்சுப் போட வேண்டும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. நிறுத்தினால் மீட்டர் கத்துவான். அதனால் ஓடும்போதே எல்லோரும் கையை விடுவோம். கை போகாமல் இருக்க ஒரு மூடி இருந்தது. வேகம் குறையுதுன்னு அதைக் கழற்றிப் போட்டது யாரு? நானா?

போனை வைத்த பிறகு எந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன் என்று மறந்துவிட்டது. தப்பான பக்கம் திருப்பியிருக்கிறேன். நாடாவில் அந்த இடம் கோணிக்கொண்டு நிற்கிறது. பிரிக்கவில்லை.

மார்ச் 12

நூல் தீர்ந்தது. டீச்சர் பெட்டியிலிருந்து வேறு கோன், கூம்பு அட்டையில் சுற்றிய நூல், எடுத்துத் தந்தார். அடியில் சிவப்புப் பென்சிலில் குறுக்குக்கோடு. என் கோடு.

இந்த நூல் ஆகாது, அறுந்துகொண்டே இருக்கிறது என்று நான் ஒதுக்கி வைத்த கோன்கள். மீட்டர் அவற்றை மறுபடி என் மெஷினிலேயே மாட்டினான். அன்றைக்குத்தான் கை உள்ளே மாட்டி, விரல்கள் மரத்துப்போயின. மிச்சத்தைக் கம்பெனி ஆஸ்பத்திரிக்குத் தானம் கொடுத்திருக்கிறது. வாசலில் பலகைகூட இருக்கிறது, பெரிய எழுத்தில்.

"இதை நான் எடுத்துக்கவா டீச்சர்?"

"எடுத்துக்கோ. தானத்தத் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

மார்ச் 13

அக்காவிடம் கோனைக் காட்டினேன். பார்க்கவே இல்லை.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இரு. ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா யாரு சோறு போடுவா? உங்க மாமாவா?"

அவள் புருஷன் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மார்ச் 17

நாடா முழ நீளம் வந்துவிட்டது. முடிச்சுகளையெல்லாம் மேல்பக்கமாகவே வரவிட்டேன். விசாரணையில் அவர்களும் பார்க்கட்டும், எத்தனை தடவை அறுந்தது என்று.

சந்தோஷமா? இல்லை. கை தானாகத் திருப்புகிறது, நான் வேறெங்கோ இருக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

மேனேஜர், கம்பெனி டாக்டர், மீட்டர். ஏசி அறை. கோனை மேஜையில் வைத்தேன். நாடாவையும் வைத்தேன். மனப்பாடம் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மூடியைக்கூடச் சொன்னேன்.

மேனேஜர் நாடாவை எடுத்தார். "அடடா, கடையில வாங்கின மாதிரி இருக்கே! நீயே பண்ணதா?"

"ஆமா சார். இந்த முடிச்சுங்க—"

"அப்ப கை நல்லாத்தான இருக்கு!"

டாக்டர் என் விரலைத் தொடவில்லை. நாடாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போகலாம் என்றார். கோனைப் பற்றிக் கேட்டேன். "கோடு யாரு வேணாலும் போடலாம்" என்றான் மீட்டர். கவனக்குறைவுன்னு என் வாயால சொல்லல. அவங்களே எழுதிக்கிட்டாங்க. திங்கட்கிழமையிலிருந்து அதே மெஷின்.

நல்லா நெய்ஞ்சிருக்கக் கூடாது. அவ்வளவுதான். நல்லா நெய்ஞ்சதுதான் தப்பு.

மார்ச் 21

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நாடாவை எடுத்தாள். ஒவ்வொரு முடிச்சாக விரலால் தடவிக்கொண்டு போனாள்.

"இத்தன தடவையா அறுந்துச்சு?"

"நம்ம கம்பெனி நூல்க்கா."

மடித்துப் பீரோவில் வைத்தாள்.

மார்ச் 23, திங்கள்

போனேன். மூடி இல்லை. நூல் அறுந்தது. கையை விட்டேன். வெளியே எடுத்த பிறகு, எல்லா விரலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 24

காலையிலேயே அறுந்தது. மெஷினை நிறுத்தினேன்.

மீட்டர் ஓடி வந்தான். "என்னாச்சு?"

"நூல் அறுந்துடுச்சு."

"அதுக்கு?"

"சுவத்துல எழுதியிருக்கு. படிங்க."

"இப்படி எத்தன தடவ நிறுத்துவ?"

"அறுந்த தடவையெல்லாம்."

மரத்த விரல்களால் முடிச்சுப் போட நேரமாகிறது. அவன் கத்திக்கொண்டே நின்றான். நான் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் கத்துவது முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. பக்கத்து மெஷினும் நின்றிருந்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் நூல் அறுந்திருக்கவில்லை.