ஓலையில் வாசிக்கும் பெயர்

தின்கன்ஜூன், ரங்கூன்
12 ஆகஸ்ட் 1965

அன்பு மகள் ஜூடித்துக்கு,

கர்த்தர் கிருபையால் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். லண்டன் போய் அங்கே தபாலில் சேர்க்கப்போகிற நம் தெருச் சுலைமான் கையில் இதைக் கொடுத்தனுப்புவதால் மனம்விட்டு எழுதுகிறேன். போன மாதம் ஜெயிலில் அப்பாவைப் பார்க்க விட்டார்கள். இளைத்திருக்கிறார், பேச்சில் மட்டும் தெம்பு குறையவில்லை. விசாரணையும் இல்லை, எப்போது விடுவார்கள் என்று சொல்ல ஆளும் இல்லை. மழையில் துணி காயாமல் ஈரச் சேலையோடுதான் பள்ளிக்கூடம் போய்வருகிறேன்.

அந்த வடக்குக் கடல் ஃபாரோ தீவிலிருந்து நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். நீ கட்டிக்கொள்ள நினைக்கும் ஹானுஸ் பதினெட்டு வயதில் ஊர்ப் படகில் துடுப்புப் போட்டுத் திருவிழாப் பந்தயத்தில் ஜெயித்ததும், தோள் விலகியபின் மீனவர் சங்கத்தில் வேலை பார்த்ததும், ஒரு தேர்தலில் தோற்று அடுத்ததில் சட்டசபைக்குப் போனதும் உனக்குப் பெருமையாக இருக்கிறது. எனக்கோ பயம்தான் வந்தது. உன் அப்பாவும் துறைமுகக் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பராக நின்றவர்தானே, பந்து பிடித்த கைக்காகவே சனங்கள் ஓட்டுப் போட்டு நகரசபைக்கு அனுப்பினார்கள். ஆட்டம் முடிந்ததும் எதிராளி கைகுலுக்குவான் என்ற நினைப்பு இவர்களுக்குக் கடைசிவரை போவதில்லை. தன்னைக் கைதுசெய்து கூட்டிப்போக வந்த பட்டாளத்தாருக்கும் டீ போடச் சொன்னார், நானும் போட்டேன். அங்கே தோற்றவர்கள் பேசாமல் மீன்பிடிக்கப் போய்விடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். பட்டாளம் ஆட்சிக்கு வரும்வரை நாங்களும் இங்கே அப்படித்தான் நம்பியிருந்தோம் மகளே.

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். ஜெயித்த கதையெல்லாம் இருக்கட்டும், தோற்ற வருஷம் வீட்டில் எப்படி இருந்தானாம் என்று கேட்டார். பிறகு, அவளுக்குப் பிடித்திருந்தால் நம் கோயிலிலும் ஓலை வாசிக்கச் சொல் என்றார். மூன்று ஞாயிறு சபைமுன் இரண்டு பெயரையும் வாசித்து, தடை உண்டா என்று கேட்டால்தானே நமக்குக் கல்யாணம். ஏதாவது தடை சொல்லிவிட மாட்டார்களா என்ற ஆசையோடுதான் போதகரைப் பார்க்கப் போனேன். அங்கிருந்த உபதேசியார் பொன்னுத்துரை, மாப்பிள்ளை அரசியல்வாதி என்று வாசித்தால் பாதிச் சபை எழுந்து ஓடச் செருப்பைத் தேடும் அம்மா, படகோட்டி என்று போடுவோம், பேதுருவுக்கும் அதுதானே பிழைப்பு என்றார். நானும் சிரித்துவிட்டேன். உடனே குரலைத் தாழ்த்தி, பெண்ணின் தகப்பன் பெயரும் இப்போது வேண்டாம், தாய்மாமன் பெயரை வாசித்துவிடலாம், சபைக்கு வம்பு வரக்கூடாது பாருங்கள் என்றார். தகப்பன் செத்துப்போன பெண்ணுக்குத்தான் நம் சபையில் மாமன் பெயர் வாசிப்பார்கள். தடை வேண்டும் என்று போனவள், ஆபிரகாம் மகள் ஜூடித் என்று வாசியுங்கள், பயமாயிருந்தால் வாசிக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போதகர் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, தானே வாசிப்பதாகச் சொன்னார்.

வரும் ஞாயிறு முதல் ஓலை. என் பயம் தீரவில்லை, இனித் தீரும் என்றும் தோன்றவில்லை. இருந்தாலும் உனக்குச் சம்மதம் சொல்கிறேன், இரண்டு பேருடைய சம்மதமாக எடுத்துக்கொள். நீங்கள் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டு ஒன்றாக நரைக்கும்படி கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும். பதில் தபாலில் வரும், பிரித்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், சட்டசபை பற்றி ஒரு வரியும் வேண்டாம். அவனிடமும் சொல்லிவை.

உன் அம்மா,
மக்தலேனா ஆபிரகாம்