ஈயக்குண்டு செபமாலை

9-7-1956, திங்கள் இரவு

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன்.

நேற்று மாதா கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்குச் செபமாலை கோக்கச் சொல்லிக் கொடுத்தேன். கன்னியர் மடத்து மதர் என்னை நம்பி விட்ட முதல் வகுப்பு. ஓட்டை உள்ள மணி பத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எல்லோரும் சோழியும் சிப்பியும் கொண்டுவந்தார்கள். ரோசி மட்டும் பத்து ஈயக்குண்டு கொண்டுவந்தாள். எங்கே எடுத்தாய் என்று நான் கேட்கவே இல்லை. அழகாக இருந்தது, கோத்துக் கொடுத்துவிட்டேன்.

எல்லாம் அவள் அப்பாவின் வலை அடியிலிருந்து கழற்றியவை. இன்று கடலில் வலை ஒரு பக்கம் தாழாமல் மிதந்ததாம். வெறும் வள்ளத்தோடு திரும்பியிருக்கிறார். சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார். மதர் காதுக்குப் போனால் இனி வகுப்பே கிடையாது. நல்ல வேளை, என் அய்யா வீட்டில் இல்லை.

"டீச்சரம்மா எங்கன?" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

"தெரியாமக் கோத்துட்டேன் மாமா." அழுதுவிட்டேன்.

"அழாத தாயி. நேத்து ராத்திரி ரோசி ஒவ்வொரு குண்டா உருட்டி, 'எங்கய்யா வலை நெறய மீன் விழணும்'னு செபம் சொன்னா. நானும் கண்ண மூடி ஆமென் போட்டேன். கண்ணத் தொறந்து பாத்திருக்கணும்!" சிரித்துவிட்டார். "மதர்கிட்டச் சொல்லல. ஒம்பது குண்ட வாங்கிட்டேன். ஒண்ண மட்டும் தர மாட்டேங்கிறா. இருக்கட்டும், ஒத்தக் குண்டு இல்லாட்டி வலை தாழாமயா போயிரும்?"

அவர் போன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.